நாச்சிமுத்து காருக்கு டூப்ளிகேட் சாவி

ஊரிலேயே மூளை உள்ள குடும்பம் தங்களுடையதுதான் என்பதில் நாச்சிமுத்துவுக்குச் சந்தேகமே கிடையாது. ஊராரும், மறுத்துப் பேசி மாளாது என்று விட்டுவிட்டார்கள்.

அவர் அப்பா 1956-இல் வாங்கிய கறுப்புக் கார் ஒன்று வீட்டில் இருந்தது. மகள் பூங்கோதைக்கு வரன் அமைந்ததே அந்தக் காரால்தான். "மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் வரோணும். இல்லாட்டி வந்த பஸ்ஸுலயே ஊருக்குத் திரும்பிருவோம்" என்று சம்பந்தி ராக்கியப்பன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் பார்த்தால் சாவியைக் காணோம்.

நல்லவேளையாக, அவரளவுக்கு இல்லாவிட்டாலும் ஏதோ கொஞ்சம் மூளையுள்ள மச்சினர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மாரப்பன், எல்லப்பன், குப்புசாமி.

"தொலைஞ்ச சாவியைத் தேடுங்க மாப்ள" என்றார். மூவரும் மத்தியானம் வரை தேடினார்கள். குப்புசாமிதான் அதிகம் தேடினான்.

பூட்டுக்கடை காதர் பாய்க்குப் போன் போட்டதற்கு, "பூட்டு எங்கிட்ட வந்தாத்தானே சாவி செய்ய முடியும்?" என்றார். நியாயமான பேச்சு. காரின் கதவில் ஒரு பூட்டு இருந்தது. கதவைக் கழற்றி, கடைவீதி வழியாகச் சுமந்துகொண்டு போனார்கள்.

பாய் கதவைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். "வண்டியைக் கிளப்பற பூட்டு வேணுமுங்க. பேசாம வண்டியவே கொண்டாந்துருங்க."

திரும்பிப் போய்க் கதவை மாட்டிவிட்டு மூவரும் காரைத் தள்ளினார்கள். பொறுப்புள்ளவர் ஒருவர் உள்ளே வேண்டும் என்று நாச்சிமுத்து உட்கார்ந்துகொண்டார். வாயைத் திறக்காமல் வந்தார்கள். பாய் அப்படித்தானே சொல்லியிருந்தார்.

பாய் ஒரு காகிதத்தை நீட்டினார். "தொலைஞ்ச சாவிக்கு மட்டுந்தான் நான் டூப்ளிகேட் போடுவேன். தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நால்வரும் போட்டார்கள். பித்தளைச் சாவி தயாரானது. கார் உறுமிக் கிளம்பி, அழைப்பு தொடங்கவேண்டிய பிள்ளையார் கோயிலுக்குச் சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது. நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் குப்புசாமி சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தான். "இத எங்க வைக்கறதுங்க மாமா? கல்யாணத்துக்குப் பளபளன்னு இருக்கட்டும்னு புளி போட்டுத் தேச்சு வெச்சேன்."

"அட! காலையிலயே குடுக்கறதுக்கென்ன மாப்ள?"

"தொலைஞ்ச சாவியத்தானே தேடச் சொன்னீங்க? இது எங்கிட்ட பத்திரமா இருந்த சாவியாச்சே."

இதில் தவறு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. ஆனால் மாரப்பன் முகம் வெளிறிவிட்டது.

"மாமா, தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கோமே! இப்பத் தொலையலைன்னா அது பொய்க் கையெழுத்துங்களே?"

"கல்யாணக் குடும்பத்துல பொய்யா?" என்று பதறினார் நாச்சிமுத்து. "தொலைச்சிருவோம்."

கோயில் கிணறு பக்கத்திலேயே இருந்தது. நாச்சிமுத்து இரண்டு சாவிகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி மின்னின.

"இதுல பழசு எது?"

நெடுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் எல்லப்பன் சொன்னான்: "ரெண்டையும் போட்டுட்டா, அதுல பழசு எப்படியும் வந்துருமுங்க."

போட்டார்கள். மனசு லேசானது.

சொல்லிவைத்தாற்போல் பஸ் வந்து நின்றது. மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை காரில் ஏறி உட்கார்ந்தார். ராக்கியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். "எடுங்க வண்டிய!"

நாச்சிமுத்துவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மகள் முகம் கண்முன் வந்து நின்றது. வேறு வழி தெரியாமல் நடந்ததை நடந்தபடியே சொன்னார்.

ராக்கியப்பன் கிணற்றைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒரு கையெழுத்துக்காகக் கார்ச் சாவியக் கெணத்துல போட்ட குடும்பமா! பொண்ணு வூட்டுக்காரங்களே இத்தனை செஞ்சா, மாப்பிள்ளை வூட்டுக்காரங்க நாங்க என்ன கொறஞ்சவங்களா?"

டிரைவர் வாயைத் திறப்பதற்குள் அவர் பஸ் சாவியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டார். பஸ்ஸுக்குள் இருந்த அறுபது பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.