நஞ்சப்பன் வண்டி

சூலூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு செங்கல் சூளையின் களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சின்ன லாரிகள் ஓடும். ஒரு முழத்துக்குச் சற்றே கூடுதல் நீளம். எலுமிச்சம்பழம் அளவுக்கு இன்ஜின். நைட்ரோ என்கிற எரிபொருளைக் குடித்துவிட்டு, கையில் இருக்கும் ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டுக் கத்திக்கொண்டு பறக்கும். பொம்மை என்று சொன்னால் ஓட்டுகிறவர்களுக்கு முகம் சுருங்கிவிடும்.

அந்தக் களத்தின் வாத்தியார் இத்ரிஸ். முப்பது வயது நிரம்பாதவன். ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகைதான் அவன் பட்டறை. பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அவனை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

கலாமணி அப்படிக் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தவள், ஓர் அரிசிச் சாக்கை அவன் மேசைமேல் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு லாரி மல்லாக்க விழுந்தது. முன்சக்கரம் ஒன்று கோணிக்கொண்டு நின்றது. மேல்கூடு வெடித்திருந்தது. இடுக்கெல்லாம் காய்ந்த செம்மண்.

“இதை ஓட வை” என்றாள். “ஓடினா வாங்கிக்கறேன்னு பொள்ளாச்சிக்காரன் ஒருத்தன் சொல்லியிருக்கான். வித்துட்டுத் தலை முழுகறேன்.”

இத்ரிஸ் எழுந்து நின்றான். அது யாருடைய வண்டி என்று அவனுக்குத் தெரியும்.

கலாமணியின் புருசன் நஞ்சப்பன் கல்லூரிப் பேருந்து ஓட்டியவர். ஐம்பது வயதுக்கு மேல் இந்தப் பைத்தியம் பிடித்தது. வாரமெல்லாம் பெரிய வண்டி, ஞாயிற்றுக்கிழமை சின்ன வண்டி. போன வருசம் ஆடியில், பந்தயம் நடந்துகொண்டிருந்தபோது, ஓட்டுகிறவர்கள் நிற்கும் பலகை மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ரிமோட் கைநழுவியது. லாரி தடத்தை விட்டுப் பாய்ந்து, சூளைச் சுவரில் மோதிக் குட்டிக்கரணம் போட்டது. எல்லாரும் லாரியைப் பார்த்து ஓடினார்கள். அதற்குப் பிறகுதான் ஒருவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

விழும்போதே உயிர் போய்விட்டது, உடனே தூக்கியிருந்தாலும் பிரயோசனம் இல்லை என்று டாக்டர் சொன்னார். கலாமணி நம்பவில்லை. டாக்டர் என்ன, அங்கே நின்று பார்த்தாரா?

வாய்விட்டுத் திட்டவும் அவளுக்கு வழியில்லை. “போன மனுசனைத் திட்டாதே, ஆகாது” என்று சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் சேர்ந்து வாயை அடைத்துவிட்டது. அவள் நடத்துகிற மாவு மில்லில் மிளகாய் அரைக்க வருகிறவர்களும் ‘நல்ல மனுசன், பாவம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன நிக்கறே? முடியுமா, முடியாதா?” என்றாள்.

“முடியுங்க்கா” என்றான் இத்ரிஸ். “ஆனா நான் பண்ணித் தர மாட்டேன். நீங்க பண்ணுங்க. நான் கூட உட்கார்ந்து சொல்லித் தர்றேன்.”

கலாமணிக்குக் காது சிவந்தது.

“நான் எதுக்குப் பண்ணோணும்? எனக்கு என்ன தலையெழுத்தா? புருசனைத்தான் கெடுத்தீங்க, பொஞ்சாதியையும் கொண்டாந்து இந்தக் கருமத்துல உட்கார வெக்கணுமா?”

“கூலி வேண்டாங்க்கா.”

“கூலி குடுக்கறதுக்கு இங்க எவ இருக்கா? ஒரு பைசா இதுக்கு மேல செலவழிக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

வண்டியை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டாள். சூலூரில் இரண்டு பைக் மெக்கானிக்குகளைக் கேட்டுப் பார்த்தாள். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொன்னான். மறுவாரம் மில்லைச் சாத்திவிட்டுத் திரும்பவும் வந்தாள்.

இத்ரிஸ் ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“மொதல்ல மண்ணு போகணுங்க்கா.”

அன்றைக்கு முழுக்க மண்ணைச் சுரண்டினாள். சுரண்டச் சுரண்டத் திட்டினாள். புருசனைத் திட்டினாள், புருசனுக்கு இந்தக் களத்தைக் காட்டிக் கொடுத்தவனைத் திட்டினாள், ஐம்பது வயதுக் கிழவனுக்குப் பொடியன் ஒருத்தன் குருவா என்று இத்ரிஸைத் திட்டினாள். அவன் அடுத்த இடுக்கை விரலால் காட்டிக்கொண்டே இருந்தான்.

இன்ஜின் இறுகிக் கிடந்தது. சக்கரம் போல இருந்த அதன் பின்பகுதியைத் திருப்பிப் பார்த்தாள், அசையவில்லை.

“துருப் பிடிச்சுப் போச்சா?”

“இல்லீங்க்கா. எரிபொருள்ல விளக்கெண்ணெய் கலந்திருக்கும். ஓட்டாம போட்டா அது பிசினாட்டம் ஒட்டிக்கும். வீட்டுல வேண்டாத போசி ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வாங்க. அப்புறம் அது சமையலுக்கு ஆகாது.”

கலாமணி காது உடைந்த பழைய போசிப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் உருப்படிகளைக் கழற்றிவிட்டு, பெரிய லாரிகளின் ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட்டில் இன்ஜினை முக்கி, கொட்டகைக்கு வெளியே மின்சார அடுப்பில் இளஞ்சூட்டில் வைத்தார்கள். சாயங்காலம் மூடியைத் திறந்தபோது பழுப்புப் பிசின் கரைந்து மேலே மிதந்தது. ஒரு வாசம் எழுந்தது.

அவள் பின்னால் நகர்ந்தாள்.

“என்னங்க்கா?”

“அவரு சட்டை வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. தனி பக்கெட்டுல ஊற வெப்பேன்.” சட்டென்று குரல் ஏறியது. “சனியன் புடிச்ச வாசம்! ஊத்து அதை, ஊத்து!”

அவன் ஊற்றவில்லை. இடுக்கியை அவளிடம் கொடுத்தான். அவளே எடுத்தாள். பின்பகுதியைத் திருப்பினாள். இன்ஜின் சுற்றியது.

முன்சக்கரத்தைத் தாங்குகிற, கோணிப்போன முன்கைக்கும் பல் போன சக்கரத்துக்கும் புதுசு வாங்க வேண்டும் என்றதும் கலாமணி சண்டைக்கு வந்தாள். இத்ரிஸ் மூலையில் குவிந்து கிடந்த செத்த வண்டிகளைக் காட்டினான்.

“அதுல பொறுக்கிக்குங்க.”

மூன்று வண்டிகளைப் பிரித்துப் போட்டு, பொருந்துகிற முன்கை ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதிர்வு தாங்குகிற ஸ்பிரிங்குகளும் கிடைத்தன, பழசைவிட உறுதியானவை. காற்று வடிகட்டிக்குப் பஞ்சை அவளே அளவாக வெட்டி எண்ணெயில் நனைத்தாள். பல் சக்கரத்துக்கு இரும்பில் ஒன்று கிடைத்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு இத்ரிஸ் பிளாஸ்டிக்கில் ஒன்றை எடுத்துக் கொடுத்தான்.

“இரும்பு கையில இருக்கறப்ப எதுக்கு இந்த ஒடசல்?”

“வண்டி எங்காச்சும் மோதிச்சுன்னா இந்தப் பல்லு ஒடையுங்க்கா. இன்ஜின் தப்பிச்சுக்கும்.”

“ஒடையறதுக்குன்னே ஒண்ணா!” என்று முனகிக்கொண்டே அதை மாட்டினாள்.

வண்டியைக் கிளப்பிப் பார்க்கிற நாளும் வந்தது. பிளக்கின் தலையில் பேட்டரிக் குச்சியைச் செருகி, கயிற்றை இழுக்க வேண்டும். இத்ரிஸ் கயிற்றின் பிடியை அவள் கையில் கொடுத்தான்.

அவள் இழுத்தாள். கிளம்பவில்லை.

“அன்னைக்குக் காலையில வாயுத் தொல்லைன்னாரு” என்றாள். இழுத்தாள்.

“இஞ்சிச் சாறு வெச்சுக் குடுத்தேன்.” இழுத்தாள்.

“ஒரு மடக்குக் குடிச்சுட்டு, இந்த எளவைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னேன். பந்தயம் முடிச்சுட்டு வந்துடறேன்னாரு.” இழுத்தாள்.

இன்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு அடங்கியது.

கலாமணி பிடியை விடாமல் நிமிர்ந்தாள்.

“அன்னைக்கு மொதல்ல வண்டிகிட்ட ஓடினது யாரு?”

இத்ரிஸ் அவள் முகத்தைப் பார்த்தான்.

“நான்தாங்க்கா.”

அவள் இழுத்த இழுப்பில் கயிறு அறுந்து கையோடு வந்தது. பிடியை வீசி எறிந்தாள். மேசைமேல் கிடந்த ஸ்பானரையும் எடுத்து எறிந்தாள். அது அவன் காதோரம் பறந்து தகரத்தில் மோதியது. அலமாரியிலிருந்து டப்பாக்கள் உருண்டன.

“நீ அவருக்கு வாத்தியாரு!” என்று கத்தினாள். “சிஷ்யன் பெருசா, வண்டி பெருசா? சொல்றா!”

இத்ரிஸ் குனிந்து ஸ்பானரை எடுத்தான். துடைத்தான். அவள் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தான்.

அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சில வாரங்கள் வரவில்லை. மில்லில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தாள். பெல்ட் கழன்றால் பெல்ட்டைத் திட்டினாள். கொத்தமல்லியில் குச்சி கிடந்தால் கொண்டுவந்தவளைத் திட்டினாள். “கலாமணிக்கு என்னமோ ஆயிப் போச்சு” என்று பேச்சு கிளம்பியது.

ஒரு நாள் மொபெட் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவள் இடுப்பில் செருகியிருந்த நைலான் கயிற்றை எடுத்து மேசையில் போட்டாள்.

“இது தாங்குமா?”

“தாங்குங்க்கா.”

கயிற்றை எப்படிச் சுற்றி மாட்டுவது என்று அவன் சொன்னான். அவள் சுற்றினாள். பாதியில் நிறுத்தினாள்.

“அப்ப என்ன நெனச்சுட்டு ஓடினே?”

“வண்டி போச்சேன்னு நெனச்சேன். அவரு மேடையை விட்டு எறங்கி வந்து என்னைத் திட்டப் போறாருன்னு நெனச்சேங்க்கா. முன்னாடி நாள் ரிமோட் பேட்டரி நான்தான் மாத்திக் குடுத்தேன். அதுலதான் கோளாறுன்னு நெனச்சேன்.”

“மேடைப் பக்கம் திரும்பவே இல்லியா?”

“இல்லீங்க்கா.”

“திரும்பிப் பார்த்தேன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமில்ல? நான் என்ன, வந்தா பார்த்தேன்?”

“சொல்லியிருக்கலாம்.”

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு அவனையே பார்த்தாள். இந்தத் தடவை எறிவதற்குக் கையில் கயிறுதான் இருந்தது. மீதியையும் சுற்றி முடித்தாள்.

இரண்டாவது இழுப்பில் இன்ஜின் கிளம்பியது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. நீலப் புகை எழுந்து அவள் முகத்தில் அடித்தது. அவள் ஒதுங்கவில்லை.

களத்தில் இறக்கி, ரிமோட்டை அவளிடமே கொடுத்தான். வண்டி மந்தமாகப் போனது. அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இதென்ன, எருமை மாடாட்டம்? அவரு ஓட்டினா புழுதி பறக்கும்.”

வண்டியை வரவழைத்து, எரிபொருளைக் குறைக்கிற திருகை அவளே முறுக்கினாள். வண்டி பறந்தது. இன்னும் முறுக்கினாள். கீச்சென்று வீறிட்டுக்கொண்டு சுவரை உரசித் திரும்பியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். அடுத்த சுற்றில் பாதியிலேயே நின்றுவிட்டது.

இத்ரிஸ் நடந்து போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். குடிக்கிற தண்ணீரில் விரலை நனைத்து இன்ஜின் தலையில் ஒரு சொட்டு விட்டான். சொட்டு விழுந்த வேகத்தில் சுர்ரென்று மறைந்தது.

“புகை வந்துச்சுங்களா, கடைசில?”

“இல்லை. சுத்தமா ஓடுச்சு.”

“புகை வரணுங்க்கா. இதுக்குக் குடிக்கக் கொடுக்கறதைக் குறைச்சா வேகம் வரும், புகை நின்னுடும். அப்புறம் உள்ளயே தீஞ்சு போகும்.”

திருகைக் கொஞ்சம் பின்னால் திருப்பினாள். ஆறும்வரை காத்திருந்து மறுபடி கிளப்பினாள். வண்டி மெல்லிய புகை ஒன்றை இழுத்துக்கொண்டு களத்தைச் சுற்றியது. டேங்கு காலியாகி நிற்கும்வரை ஓட்டினாள். அன்றைக்கு ஒருவரையும் திட்டவில்லை.

பொள்ளாச்சிக்காரன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். ஓட்டிப் பார்த்தான். பிடித்துப் போய்விட்டது. பேரம் பேசப் பார்த்தான். கலாமணி ஒரு பார்வை பார்த்ததில் விட்டுவிட்டான். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை அவள் கூப்பிட்டு நிறுத்தினாள்.

“ஒடம்புக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அன்னைக்கு இதைத் தொடாதே. ஆஸ்பத்திரிக்குப் போ. வாயுன்னு சொல்லிட்டுத் திரியாதே. கேக்குதா?”

“சரிங்க்கா” என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

அவன் கார் சாலை ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொட்டகைக்குள் வந்து மேசையைத் துடைத்தாள். ஸ்பானர்களைப் பெரிதும் சிறிதுமாக வரிசைப்படுத்தினாள். மேசையில் வண்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது.

“தம்பி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. இந்த வேலையை நீயே பண்ணியிருந்தா எத்தனை நேரம் ஆயிருக்கும்?”

“ஒரு மத்தியானங்க்கா.”

“ஒரு மத்தியானம்!” துணியை மேசையில் அடித்தாள். “ஒரு மத்தியான வேலைக்கு மில்லைச் சாத்திட்டு, வெயில்ல இத்தனை நாள் என்னை நாயா அலைய விட்டிருக்கே. வந்த அன்னைக்கே முடிச்சுக் குடுத்துத் தாட்டி விட்டிருந்தா உனக்கு என்ன கொறைஞ்சு போயிருக்கும்?”

இத்ரிஸ் அந்தத் துணியை எடுத்து மடித்தான்.

“ஒரு மத்தியானத்துல திட்டித் தீர்க்கற விசயமாங்க்கா அது?”