மணிக்கட்டு வரை ஆழமான பை

கிளாட்ஸ்டன் உபதேசியாருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மிச்சக் காலத்தை ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று பனைவிளைச் சேகரத்துச் சபையில் ஆயருக்கு உதவியாக வந்து சேர்ந்தார். அவருக்கு ஊழியம் கற்றுக்கொடுத்த குரு, அவரைவிட இருபது வயது இளையவரான ஆயர் ஹெப்சிபா அம்மா.

வந்ததும் முதல் வேலையாகச் சபைக்கு ஒரு மென்பொருள் வாங்கிப் போட்டார். குடும்பத்துக்கு ஒரு நம்பர், நம்பர் போட்ட காணிக்கைக் கவர். ஆராதனை முடிந்ததும் கவர்களை ஸ்கேன் செய்தால், யார் எந்த வாரம் எவ்வளவு போட்டார், யார் கூட்டினார், யார் குறைத்தார் எல்லாம் படமாக வந்து நிற்கும். ஒழுங்காகக் கொடுப்பவர் பச்சை. விட்டுவிட்டுக் கொடுப்பவர் மஞ்சள். மூன்று மாதம் கொடுக்காதவர் சிவப்பு. காணிக்கை மூன்றில் ஒரு பங்கு கூடியது. கமிட்டிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சனிக்கிழமை காலையில் உப்பளத்தில் வேலை பார்க்கும் செல்வக்கனி சபை அலுவலகத்துக்கு வந்தாள். இன்னாருக்கு இன்னார் என்று ஆராதனையில் அறிவிக்கும் கல்யாண ஓலையை மகளுக்கு வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கோயிலில் கல்யாணம். நாளைக்குத் தொடங்காவிட்டால் மூன்று ஞாயிறு முடிவதற்குள் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் வந்துவிடும், அதில் கல்யாணம் கிடையாது. லெந்து முடிவதற்குள் மாப்பிள்ளை கப்பலேறிவிடுவான்.

உபதேசியார் அவள் நம்பரைத் தட்டினார். சிவப்பு.

"அஞ்சு மாசமா ஒரு கவர் வரல. கோயிலுக்கும் ஆள் வரல. ஓலைக்கு மட்டும் கோயில் வேணுமோ?"

"மழைக்கு உப்பளத்துல வேலை இல்லய்யா."

"மழை விட்டு எத்தனை நாளாச்சு?"

அவளுக்கும் சுர்ரென்று ஏறியது. "எதுக்கு வரணும்? என் கவரு மட்டும் காலியா இருக்கத நீங்க படம் போட்டுப் பாக்கதுக்கா?" என்றாள். பெயர்கள் எழுதிய ஓலைத் தாளை மேசையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

உபதேசியார் தாளோடு ஆயரம்மா அறைக்குப் போனார்.

"திமிரைப் பாத்தீங்களாம்மா? பழைய காணிக்கைப் பை இருந்த காலத்துல வாராவாரம் மூணாவது பெஞ்சுல வந்து உக்காந்திருக்கா. கவர் வந்த அன்னையிலருந்து ஆளையே காணோம். என்ன அர்த்தம்? அப்பவும் அவ ஒண்ணும் போடல. வெறுங்கையைப் பைக்குள்ள விட்டு எடுத்து எல்லாரையும் ஏமாத்தியிருக்கா."

ஆயரம்மாவின் முகம் மாறியது.

"வந்தவங்களை உக்காரச் சொன்னீங்களா?"

"என்னம்மா?"

"நாற்காலி கிடந்துச்சே. உக்காரச் சொன்னீங்களா?"

சொல்லவில்லை. இப்போது இது ஒரு கேள்வியா என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. "சிவப்புல இருக்கவளுக்கு ஓலை வாசிச்சா, பச்சையில இருக்கவன் கேக்க மாட்டானா? வாசிக்கதுன்னா முதல்ல அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கிணத்துல போடுங்க."

ஆயரம்மா பீரோவைத் திறந்தார். உள்ளே கிடந்த பழைய காணிக்கைப் பையை எடுத்து மேசையில் படாரென்று போட்டார். தூசி பறந்தது. நீல வெல்வெட், நீளமான மரக்கைப்பிடி, மணிக்கட்டு வரை ஆழம். உள்ளே போகிற கை மூடிப் போகும், வெளியே வருகிற கை விரிந்து வரும். நடுவில் நடந்தது அந்தக் கைக்குத்தான் தெரியும்.

"நாளைக்குக் கவர் கிடையாது. பையை நீங்க எடுக்கீங்க. அதுக்கப்புறம்தான் ஓலை. பையை என் கையில தரும்போது கேப்பேன். வேண்டாம்னு சொன்னீங்கன்னா வாசிக்கல. தாள் உங்ககிட்டயே இருக்கட்டும்."

இவ்வளவு கோபத்தை உபதேசியார் ஆயரம்மாவிடம் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளை ஜிப்பாவின் பையில் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். சொல்லப்போகிற 'வேண்டாம்' நாக்கிலேயே நின்றது. மூன்றாவது பெஞ்சில் செல்வக்கனி. ஆயரம்மா ஆளனுப்பி வரச் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தபோது இன்னும் எரிந்தது.

பாட்டுத் தொடங்கியது. பெஞ்சு பெஞ்சாகப் பையை நீட்டிக்கொண்டே வந்தார். செல்வக்கனியின் கை மூடி உள்ளே போனது, விரிந்து வெளியே வந்தது. சத்தம் இல்லை, கனமும் கூடவில்லை. காலமெல்லாம் காசு பார்த்த மனுஷனுக்கு அது தெரியாதா? அவர் அவளை நன்றாக முறைத்துவிட்டு நகர்ந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பை எடுத்தவர் கடைசியில் பலிபீடப் படி முன்னால் நின்று தன் காணிக்கையையும் போட வேண்டும். அது அந்தக் கோயில் வழக்கம். கிளாட்ஸ்டன் ஜிப்பாவுக்குள் கைவிட்டார்.

மடித்த தாள் மட்டும் இருந்தது.

மாதம் ஒன்றாம் தேதியானால் அவர் காணிக்கை வங்கியிலிருந்து தானாகப் போய்விடும். அவர் பெயர் எப்போதும் பச்சை. ஐந்து மாதமாகக் கோயிலுக்குப் பர்ஸ் எடுத்து வந்ததே இல்லை.

முந்நூறு பேர் நின்று பாடிக்கொண்டே அவரைப் பார்த்தார்கள். பாட்டு கடைசிச் சரணத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பையின் மேல், செல்வக்கனியின் மேல், ஆயரம்மாவின் மேல், எல்லார் மேலும் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. காது சுட்டது. கை தானாக மூடியது. மணிக்கட்டு வரை உள்ளே போய், விரிந்து, வெளியே வந்தது.

ஆயரம்மா படியிறங்கி வந்து பையை வாங்கிக்கொண்டார்.

"வாசிக்கவா?" அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அம்மா, நான் மாசாமாசம் வங்கியிலருந்து... நீங்க வேணும்னா கம்ப்யூட்டர்ல பாருங்க, என் பேரு..."

"உங்க கையில என்ன இருந்துச்சுன்னு இங்க யாரும் கேக்கல, உபதேசியாரே. ஓலையை வாசிக்கவா, வேண்டாமா?"

கிளாட்ஸ்டன் மறுபடியும் ஜிப்பாவுக்குள் கைவிட்டார்.