நீர்நாய் விரும்பிய வரிசை

ஒரு காட்டில், ஓடைக்கரை வளையொன்றில், விளையாட்டுகள் செய்யும் நீர்நாய் ஒன்று இருந்தது. பந்தோ பம்பரமோ இல்லை, குழந்தைகளே. அது செய்தது மின்மினிக் குடுக்கை.

காய்ந்த சுரைக்குடுக்கைக்குள் மின்மினிகள் உட்கார்ந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியை அசைத்தால் அவை இடம் மாறி மாறி மின்னும். துளை வழியே பார்த்தால், ஒளியாலான ஒரு தவளை கல்லுக்குக் கல் தாவும். தவளை தண்ணீரில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை!" என்று கெஞ்சாத குட்டி அந்தக் காட்டிலேயே கிடையாது. பெரியவர்களும் கெஞ்சினார்கள். கொஞ்சம் மெதுவான குரலில், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் நீர்நாயிடம் ஒரே ஒரு குடுக்கைதான் இருந்தது. ஆகவே வாசலில் வரிசை. முன்னால் மான், மானுக்குப் பின்னால் கரடி, கரடிக்குப் பின்னால் காட்டுப்பன்றி குடும்பத்தோடு. வரிசை வளைந்து வளைந்து மூங்கில் புதர்வரை போகும். விளையாடி முடித்தவர்கள் ஒரு மீன் கொடுத்துவிட்டுப் போவார்கள். நீர்நாய் தினமும் காலையில் பாறைமேல் ஏறி நின்று வரிசையைப் பார்க்கும். கண் குளிரப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காரும்.

பிறகு நீர்நாய் நிறையக் குடுக்கைகள் செய்தது. புதுப்புது ஆட்டங்களும் வந்தன. குடுக்கைகளை வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டது. எடுத்துப் போனவர்கள் மாதாமாதம் மீன் கொண்டுவந்தார்கள். முயல் மட்டும் கீரைக்கட்டு கொண்டுவரும். நீர்நாய் முகத்தைச் சுளித்துக்கொண்டே அதையும் வாங்கி வைக்கும்.

இப்போது குடுக்கை இல்லாத பொந்தோ புதரோ காட்டில் இல்லை. நீர்நாய் வீட்டுப் பரணில் கருவாடு வைக்க இடமில்லை. வாசலில்தான் ஒருவரும் இல்லை.

பக்கத்து வளையில் ஒரு கீரி இருந்தது. அதற்கும் குடுக்கை செய்யத் தெரியும். ஆனால் நீர்நாயின் குடுக்கை வீட்டுக்கு வீடு இருக்கும்போது கீரியின் குடுக்கையை யார் சீந்துவார்கள்? செய்தவையெல்லாம் மூலையில் குவிந்து கிடந்தன.

ஒரு நாள் காலை நீர்நாய் பாறைமேல் நின்று வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீரி மெல்ல வந்து சேர்ந்தது.

"என்ன அண்ணே, வாசல் இப்படி வெறிச்சோடிக் கிடக்கிறதே!"

"எல்லோரும் வீட்டிலேயே விளையாடுகிறார்கள் தம்பி."

"அதெல்லாம் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொல்வது. மூங்கில் புதர்வரை வரிசை நின்றதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். என்ன பேர், என்ன புகழ்! இப்போது இந்தப் பக்கம் வருகிறவர்கள், நீர்நாயின் கதை முடிந்தது என்றுதானே நினைப்பார்கள்?"

நீர்நாய்க்குச் சுருக்கென்றது. "அந்த வரிசை திரும்பி வர நான் என்ன செய்ய வேண்டும்?"

"உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? குடுக்கை வீட்டில் இருக்கும்வரை எவன் வந்து வரிசையில் நிற்பான்?"

இதைச் சொல்லிவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் கீரி நடையைக் கட்டியது.

அன்றைக்கே நீர்நாய் வீடு வீடாகப் போய்க் குடுக்கைகளைத் திரும்ப வாங்கத் தொடங்கியது. முயலின் பொந்துக்கும் வந்தது.

"ஏன் அண்ணே, குடுக்கையில் ஏதாவது கோளாறா?" என்று கேட்டது முயல்.

"கோளாறு இல்லை. இனி என் வாசலுக்கு வந்துதான் விளையாட வேண்டும். பழையபடி ஒரே குடுக்கை."

முயலுக்குக் கோபம் வந்துவிட்டது. "பழையபடியா? குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நாள் முழுக்க நின்றேன். பின்னால் நின்ற கரடி கழுத்தில் மூச்சு விட்டது. ஆசைப்பட்டா நின்றேன்? இருந்தது ஒரே குடுக்கை, அதனால் நின்றேன்."

"அதுதானம்மா என் பொற்காலம்!"

"நல்ல பொற்காலம்! வரிசையில் பாதிப் பேர் விளையாடாமலே திரும்பிப் போனோம். விளையாடாதவர்கள் மீன் கொடுத்தார்களா? இன்றைக்கு உங்கள் பரண் நிரம்பி வழிகிறதே, அது கண்ணில் படவில்லையா?"

நீர்நாயின் காதில் எதுவும் ஏறவில்லை. குடுக்கையை வாங்கிக்கொண்டு கிளம்பியது. "என் தவளை! என் தவளை!" என்று முயல்குட்டி தேம்பித் தேம்பி அழுதது.

மறுநாள் காலை வெளியே ஒரே சத்தம். நீர்நாய் பாறைமேல் ஓடி ஏறிப் பார்த்தது. வரிசை! மான், கரடி, காட்டுப்பன்றி, முயல், எல்லோரும் நின்றார்கள். வரிசை மூங்கில் புதரையும் தாண்டிப் போயிருந்தது. அந்தக் காலத்தில்கூட அவ்வளவு நீளம் நின்றதில்லை. நீர்நாய்க்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

குடுகுடுவென்று இறங்கி, குடுக்கையைத் துடைத்து வைத்துக்கொண்டு, "முதலில் நிற்பவர் உள்ளே வரலாம்!" என்று குரல் கொடுத்தது.

யாரும் வரவில்லை.

நீர்நாய் வெளியே எட்டிப் பார்த்தது. வாசலை அடைத்துக்கொண்டு கரடியின் முதுகு தெரிந்தது.

"கரடியாரே, உள்ளே வாருங்கள்."

"கொஞ்சம் ஒதுங்குங்கள் அண்ணே. வரிசை நகர்கிறது."

"எங்கே நகர்கிறது?"

கரடி கையை நீட்டிக் காட்டியது. வரிசையின் முன்முனை கீரியின் வளையில் இருந்தது. மூலையில் குவிந்து கிடந்த குடுக்கைகளைக் கீரி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கியவர்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

"என் ஆட்டத்துக்கு அது ஈடாகுமா?" என்று நீர்நாய் உடைந்த குரலில் கேட்டது.

"ஆகாதுதான் அண்ணே, உங்கள் தவளைதான் நன்றாகத் தாவும்" என்றது கரடிக்கு முன்னால் நின்ற முயல். "ஆனால் இது வீட்டுக்கு வருகிறதே." சொல்லிக்கொண்டே ஓரடி முன்னால் நகர்ந்தது.

அன்று பொழுது சாயும்வரை நீர்நாயின் வாசலில் கூட்டம் குறையவே இல்லை.

நீதி: நேற்றைய வெற்றியை அளந்த கோலால் இன்றைய வெற்றியை அளப்பவர் கையில் இருப்பதையும் இழப்பார்.