ஆட்டம் கேட்ட முதலாளி

மலையேற வரும் பட்டணத்துக்காரர்களை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போகிறவள் மலைவாசிப் பெண் மாதி. ஒருமுறை வந்த கூட்டத்தில் பரந்தாமன் என்றொரு கம்பெனி முதலாளி. மேல்பாறை ஊருக்குள் நுழைந்ததுமே கேமராவைத் தூக்கினார். களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்த பெண்களைக் கைகாட்டினார்.

"இவங்களை ஆடச் சொல்லு. ஆதிவாசி ஆட்டம் பார்க்கத்தான் ஏறி வந்தேன்."

"வேலையா இருக்காங்க, சார்."

"ஆடலைன்னா உங்க ஆபீஸ்ல புகார் கொடுப்பேன். நாளைக்கு உனக்கு இந்த வேலை இருக்காது."

வேலை போனால் மாதி வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் தன் சனங்களைக் குரங்காட்டம் ஆட்ட அவளுக்கு மனசில்லை.

"நாங்க கல்யாணத்துக்கு ஆடுவோம், சாவுக்கு ஆடுவோம். இன்னைக்குக் கல்யாணம் இல்லையே, சார்."

"அப்போ சாவு ஆட்டமே ஆடட்டும்!"

"சரி" என்றாள் மாதி. "அத்தே, ஒரு பாய் கொண்டாங்க. ஆட்டம் கேட்டவர்தான் பொணமாப் படுக்கணும்."

பெண்களுக்குப் புரிந்துவிட்டது. பாய் வந்தது. கூட வந்தவர்கள் பார்க்கிறார்களே என்று முதலாளியும் வீறாப்பாகப் படுத்தார். ஒருத்தி ஷூவைக் கழற்றிக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். இன்னொருத்தி தாடையை இழுத்துக் கட்டினாள். "போயிட்டியே ராசா!" என்று ஒப்பாரி கிளம்பியது. மாதி வாய்க்கரிசியோடு குனிந்தாள்.

முதலாளி கட்டுகளை அறுத்துக்கொண்டு துள்ளி எழுந்தார். கூட வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஆட்டம் எங்கே?" என்று கத்தினார்.

"தூக்கிட்டுப் போறப்பதான் சார் ஆட்டம். பொணம் எழுந்து நின்னா நாங்க எப்படி ஆடுறது? புகார்ல அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

பரந்தாமன் புகார் கொடுக்கவில்லை. என்னவென்று கொடுப்பார்?