ஆதிரை மங்கிய ஆண்டு

பிரம்மசக்தி அம்மையாரின் குதிகால் வெடிப்பில் உப்புநீர் ஏறினால் வலி முழங்கால்வரை வந்துவிடும். பாத்தியில் இறங்கும் முதல் அரைமணி நேரம்தான் கொடுமை. அதன்பின் கால் மரத்துப்போகும். மரத்துப்போவதையே அவர் சுகம் என்று எண்ணிக்கொள்வார். தூத்துக்குடிக்குத் தெற்கே, சங்குமேடு என்ற ஊரை ஒட்டிய உப்பளத்தில் முப்பத்தொரு வருடம் அவர் செய்த வேலை இது. மழை ஓய்ந்ததும் களிமண் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்க வேண்டும். வெயில் ஏறிய மாதங்களில், விளைந்த உப்பை வாரி வரப்பில் குவிக்க வேண்டும். இதில் அழகு ஒன்றும் இல்லை. பகல் வெயில் உப்பில் பட்டுத் திருப்பி அடிக்கும் வெளிச்சம் கண்ணைத் தின்றுவிடும் என்பதால் பெண்கள் விடியலுக்கு முன்பே, மூன்று மணிக்கு, வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

ஊரிலிருந்து அளத்துக்குப் போகும் வரப்பு ஓராள் அகலம். இரண்டு பக்கமும் பாத்திகளுக்கு விடத் தேக்கிய உப்புநீர்த் தெப்பம், இடுப்பளவு ஆழம். இருபத்திரண்டு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அதில் நடப்பார்கள். டார்ச் அடித்தால் அந்த வட்டம் மட்டும் தெரியும், அதற்கப்பால் கண் இருட்டிவிடும். ஆகவே முன்னால் போகிறவர் வெறுங்கண்ணோடுதான் போக வேண்டும் என்பது அந்த அளத்து வழக்கம். அவர் "பள்ளம்" என்றால் அடுத்தவர் "பள்ளம்" என்பார். அந்தச் சொல் கடைசி ஆள்வரை கைமாறும். பதினான்கு வருடமாக முன்னால் நடந்தவர் பிரம்மசக்தி அம்மையார். அவர் காலத்தில் ஒருவரும் தெப்பத்தில் விழுந்ததில்லை.

கோயில் நடை திறக்கும்போது அவர் பாத்தியில் நிற்பார். அவர் வீடு திரும்பும்போது நடை சாத்தியிருக்கும். சின்ன வயதில் ஒரு திருவாதிரை நாளில் ஓதுவார் ஒருவர் வானத்தைக் காட்டிச் சொன்னது மட்டும் அவருக்கு மிச்சம். வரிசையாக மூன்று மீன்கள், அது இடுப்பு. மேலே இரண்டு, அவை தோள்கள். கீழே இரண்டு, அவை கால்கள். அந்த இரண்டு தோள்களில் சிவந்து எரிவதே ஆதிரை, ஆடுகிறவருக்கு உரிய மீன். அதுவே அம்மையாருக்குக் கோயிலாயிற்று. வேலைக்கு இறங்குமுன், யாரும் கலக்காத பாத்தியில் அந்தச் சிவப்புப் புள்ளி விழுந்து கிடப்பதைப் பார்ப்பார். அந்த நீரை ஒரு விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள்வார். அவ்வளவுதான் அவருடைய பூசை.

அந்த ஆண்டு கார்த்திகைக் கடைசியில் ஒருநாள், பாத்தியில் சிவப்புப் புள்ளி இல்லை.

காற்று அலைக்கிறது என்று நினைத்தார். மறுநாள் காற்று இல்லை, புள்ளியும் இல்லை. அண்ணாந்து பார்த்தார். ஆதிரை இருந்தது, ஆனால் பழைய ஆதிரையாக இல்லை. ஊதி அணைத்த விறகுக்கொள்ளியின் நுனிபோல் இருந்தது. பக்கத்திலிருக்கும் ரோகிணி எப்போதும் ஆதிரைக்கு ஒரு படி குறைவாகவே எரியும். இப்போது ரோகிணி மிஞ்சி நின்றது. கால்மீன் பளீரென்று எரிந்தது. இடுப்பின் மூன்றும் அப்படியே இருந்தன. குறைந்தது அந்த ஒன்றுதான்.

அன்றுமுதல் அம்மையாருக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பயம் அவரை இரண்டு பக்கமும் இழுத்தன. கண்தான் கெட்டுவிட்டது என்றால் வேலை போகும். கண் நன்றாக இருக்கிறது என்றால் சாமி அணைந்துகொண்டிருக்கிறார். எது உண்மையானாலும் தாங்க முடியாது. எது உண்மை என்று தெரியாமல் இருப்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

மனதுக்குள் வைத்திருக்க முடியாமல் வரிசையில் தமக்கு அடுத்து நடக்கும் வெயிலுகந்தாளிடம் சொன்னார். வெயிலுகந்தாள் வாய்த்துடுக்குக்காரி. சாமி கரண்டு பில் கட்டவில்லை போலிருக்கிறது என்று அவள் சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எக்கா, ஒனக்குக் கண்ணு போச்சி. அதுக்குச் சாமி மேல பழியப் போடுதியே?"

அந்தச் சொல் சிரிப்போடு நிற்கவில்லை. கண் மங்கியவர் பின்னால் இருட்டில் நடப்பதா என்று பெண்களுக்கு உதறல் எடுத்தது. சிலர் இடைவெளி விட்டு நடக்கத் தொடங்கினார்கள். மார்கழி பிறந்தது. திருவாதிரை நாளில் அம்மையார் கூலியை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்ப் பட்டரிடம் கேட்டார். அபிஷேக அவசரத்தில் இருந்த பட்டர், அது பனிமூட்டம், போய்ப் பிரசாதம் வாங்கு என்று அனுப்பிவிட்டார். அம்மையார் வாங்கிய களியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்று பார்த்தார். பனி இல்லை.

செய்தி கங்காணி சுயம்புவின் காதுக்குப் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர். மறுநாள் வரப்பு தொடங்கும் இடத்தில் வரிசையை நிறுத்தினார்.

"ஏ பிரம்மசக்தி, அந்த மீனு நல்லாத்தான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு முன்ன போ. இல்லன்னா இந்தப் பொம்பளையளுக்கு நான் யாருகிட்ட போய்ப் பதில் சொல்ல?"

ஒரு வார்த்தை போதும். வீட்டில் அரிசிப் பானையின் அடி தெரிந்த நேரம் அது. அம்மையார் மேற்கே பார்த்தார்.

"கொறஞ்சித்தான் இருக்கு, கங்காணி. இல்லாதத எப்படிச் சொல்ல?"

சுயம்பு எரிச்சலோடு, மேற்கில் சரிந்துகொண்டிருந்த கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி எண்ணச் சொன்னார். கண் பார்வையைச் சோதிக்க அந்தப் பக்கத்தில் அதுதான் முறை. அம்மையார் ஆறு என்றார். கண்ணைச் சுருக்கினால் ஓரத்தில் ஏழாவது ஒன்றும் உண்டு என்றார். மற்றப் பெண்களை எண்ணச் சொன்னார் கங்காணி. ஐந்து என்றார்கள், நான்கு என்றார்கள். வெயிலுகந்தாள் ஐந்தா ஆறா என்று தடுமாறினாள். கங்காணிக்கே அது ஒரு புகைக்கொத்தாகத்தான் தெரிந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. போகலாம் என்று கைகாட்டினார்.

அங்கே முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் எண்ணும்போதுதான் அம்மையார் ஒன்றைக் கண்டுகொண்டார். ஒரு கணம் வலது கண்ணைப் பொத்திப் பார்த்திருந்தார். யாரும் கேட்காமல் அவரே சொன்னார்.

"எண்ணுனது வலது கண்ணு. எடது கண்ணுல ஒண்ணுமே இல்ல, வெறும் புகையாக் கெடக்கு."

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலரும் சொன்னார்கள். பின்னால் இருபத்தொரு பேர் நடக்கும்போது எப்படிச் சொல்லாமல் விடுவது என்பது அம்மையாருடைய கேள்வி. கங்காணி அன்றே அவரை நிறுத்திவிட்டார். கண் டாக்டரிடமிருந்து காகிதம் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். முன்நடை வெயிலுகந்தாளுக்குப் போயிற்று.

பொங்கல் கழிந்து கண் முகாம் வரும்வரை அம்மையார் வீட்டில் இருந்தார். அந்த நாட்களில் ஒருவேளைக் கஞ்சிதான். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். வாசலில் நின்று பார்ப்பார். ஆதிரை நாளுக்கு நாள் இறங்கியது. அந்த நாட்களில் ஒன்றில்தான் அவர் வாய்விட்டுக் கேட்டது: "ஒரு கண்ண எடுத்துக்கிட்ட. இன்னொண்ணும் வேணும்னா எடுத்துக்க. நீ அணைஞ்சிராத." கேட்டதில் பெருமை எதுவும் இல்லை. பயந்துபோன ஒருவர் கையில் இருந்ததைக் கொடுக்கப் பார்த்தார், அவ்வளவே.

முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பார்த்தவர் இளவயது டாக்டரம்மா. இடது கருவிழியில் தழும்பு ஏறிவிட்டது, அளத்து வெளிச்சமும் உப்பும் செய்த வேலை, பார்வை திரும்புவது கஷ்டம் என்றார். வலது கண் நல்ல கண் என்று காகிதம் எழுதினார். காகிதத்தை வாங்கிய அம்மையார் நகரவில்லை. நல்ல கண் என்றால் அது பார்த்தது நிசமா என்று கேட்டார். எதைப் பார்த்தது என்று டாக்டரம்மா விசாரித்தார். ஆதிரை என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, பேப்பர்லயே போட்டிருக்கான். பெரிய பெரிய டெலஸ்கோப் வச்சிருக்கிறவங்க அதத்தான் இப்பப் பாத்துக்கிட்டிருக்காங்க. நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

கார்த்திகையில் என்றார் அம்மையார். டாக்டரம்மா வெகுநேரம் பேசினார். ஆதிரை என்பது ஊதிப் பெருத்த வயதான சூரியன். மூச்சு வாங்குவதுபோல் விரிந்து சுருங்கும். சில சமயம் தூசியைக் கக்கித் தன் முகத்தைத் தானே மறைத்துக்கொள்ளும். ஒருநாள் வெடிக்கவும் செய்யும். அது நாளைக்கா, லட்சம் வருடம் கழித்தா என்று ஒருவருக்கும் தெரியாது. பங்குனி சித்திரை விடியலில் உப்பைக் கொட்டியதுபோல் வானத்தில் கிடக்கிறதே பால்வீதி, அதில் ஒவ்வொரு கல்லும் ஒரு சூரியன். நம் சூரியனும் அதில் ஒரு கல். அதைப்போல் வேறு குவியல்கள் வெளியே எண்ணிக்கையில்லாமல் உண்டு. ஆதிரையின் வெளிச்சம் இங்கே வந்துசேர ஐந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும்.

அம்மையார் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்தக் கடைசி ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இந்நேரம் அணைஞ்சே போயிருந்தாலும் நமக்குத் தெரியாது?"

"தெரியாதும்மா."

"நான் வேண்டிக்கிட்டது அங்க போய்ச் சேரவும் அவ்வளவு வருசம் ஆகும்?"

ஆமாம் என்று டாக்டரம்மா தலையசைத்தார். அம்மையார் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினார்.

"சரி, போய்ச் சேரட்டும். அனுப்பியாச்சி."

அன்று மாலை அளத்து முதலாளி முகாமுக்குச் சால்வை போட வந்தார். அளத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஆகாது என்று டாக்டரம்மா அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த மாதமே வாங்கித் தருவதாக அவர் மைக்கில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

அம்மையார் வேலைக்குத் திரும்பினார். வரிசையில் அவருக்குக் கடைசி இடம். மாசியில் ஒருநாள் முன்னிரவில் வெயிலுகந்தாள் தானாகவே அவர் வாசலுக்கு வந்து, எங்கே காட்டு என்றாள். அம்மையார் விரல் நீட்டிய பக்கம் பார்த்தாள். பிறகு, "ரெண்டு தோளும் ஒண்ணு போலக் கெடக்கே, எக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவள் கேலி பேசவில்லை. இப்போது அவளுக்கும் பயம் வந்துவிட்டது.

பங்குனியில் மேற்கே கொஞ்சம் தெளிந்ததுபோல் இருந்தது. உறுதியாகச் சொல்லுமுன் ஆதிரை அந்தி வெளிச்சத்துக்குள் இறங்கிவிட்டது. வைகாசி, ஆனி இரண்டு மாதமும் சூரியன் அதை மறைத்துக்கொண்டது. அந்த மறைவுக்குள் அது வெடித்ததோ, அணைந்ததோ. அம்மையார் உப்பு வாரிக்கொண்டே நாட்களைக் கடத்தினார். ஆடியில் கிழக்கே மூட்டத்துக்குள் ஒரு சிவப்பு தெரிந்தது. தாழ்ந்து நிற்கும் எந்த மீனும் சிவப்பாகத்தான் தெரியும். அதை அவர் நம்பவில்லை.

ஆவணி தொடக்கத்தில் ஓர் இரவு காற்று மிகுந்து தெப்பம் தளும்பியது. பெண்கள் போகும்போது காற்று நின்றுவிட்டது. ஆனால் வரப்பின் நடுவில் பத்துப் பதினைந்து எட்டு வைக்கும் தூரம் விரற்கடை ஆழத்துக்கு நீர் ஏறி நின்றது. வரப்பு எது, தெப்பம் எது என்று தெரியவில்லை. முன்னால் போன வெயிலுகந்தாள் நின்றுவிட்டாள். வரிசை நின்றது. பின்னால் திரும்பவும் இடமில்லை. கங்காணி கரையிலிருந்து டார்ச் அடித்தார். வெளிச்சம் நீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்ததுதான் மிச்சம்.

"டார்ச்ச அணைங்க" என்று கத்திய வெயிலுகந்தாள், பின்னால் பார்த்துச் சொன்னாள்: "எக்கா, நீ முன்ன வா."

அந்தச் சொல் இருபது வாய் கைமாறிக் கடைசியில் நின்றவரிடம் வந்தது. ஒவ்வொருத்தியும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு தோளைப் பிடித்து வழிவிட்டாள். அம்மையார் முன்னால் வந்து நின்றார். நீர் அசையாமல் கிடந்தது. வெடித்த குதிகாலை அதில் வைக்கக் குனிந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு எட்டு முன்னால், நேராக வரப்பின் மேல் நின்ற நீரில், சிவப்புப் புள்ளி கிடந்தது. பழைய சிவப்பு. கிழக்கே அண்ணாந்து பார்த்தார். வலது கண் ஒன்றே போதுமாயிருந்தது. ரோகிணியை மிஞ்சி ஆதிரை எரிந்துகொண்டிருந்தது.

அம்மையார் கும்பிடவில்லை. கும்பிட்டால் பின்னால் நிற்பவர்கள் தடுமாறுவார்கள். காலால் களிமண்ணைத் தடவி ஓர் அடி வைத்தார். அவர் ஓர் அடி வைக்க, புள்ளியும் ஓர் அடி தள்ளிப்போனது. பள்ளம் என்றார். பள்ளம், பள்ளம் என்று சொல் பின்னால் போயிற்று. வரிசைக்கு முன்னால் அம்மையார் நடந்தார். அம்மையாருக்கு முன்னால் ஆடுகிறவர் நடந்தார். முப்பத்தொரு வருடம் கோயில் வாசலுக்கு நேரத்துக்குப் போக முடியாதவரைத் தேடி, ஐந்நூறு வருடம் முன்பே கிளம்பி வந்தவர் அவர். இருபத்திரண்டு பேரும் கரை ஏறினார்கள். மறுநாள் வரிசை தொடங்கும்போது எல்லாருக்கும் முன்னால் இருந்த இடம் காலியாக விடப்பட்டிருந்தது. அம்மையார் போய் அதில் நின்றார்.

கண்டதைக் கண்டபடி சொல்லி, அதற்காகப் பசித்தும் கிடந்த பிரம்மசக்தி அம்மையாரின் வெடித்த பாதங்களுக்கு வணக்கம்.

ஆதிரையின் வெளிச்சம் திரும்பி வந்துவிட்டது. அவருடைய இடது கண் வரவில்லை. அளத்து முதலாளி மைக்கில் சொன்ன கறுப்புக் கண்ணாடிகளும் வரவில்லை. இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு, இன்றுவரை பாக்கி.