கௌளியின் நாக்கு ஒட்டிக்கொண்ட நாள்

அந்தக் காலத்தில் பல்லிக்குப் பேச்சு வரும். வரும் என்ன வரும், வாய் ஓயாது! அப்போது மதுரைப் பட்டணத்தில் தெருவுக்கு நாலு இடியாப்பக் கடை. எல்லாக் கடையிலும் தொட்டுக்கொள்ள ஆட்டுக்கால் பாயா. எந்தக் கடையில் உட்காருவது என்று வெளியூர்க்காரர்கள் திருதிருவென்று முழிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் நேரே போய்க் கௌளி என்ற பல்லியைக் கேட்பார்கள்.

கௌளி கடைக் கூட்டத்தைப் பார்த்து மயங்குகிறவள் இல்லை. கூரை விட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, பானையிலிருந்து வரும் ஆவியை ஒரே இழுப்பாக இழுப்பாள். "இது நின்னு நிதானமா வெந்த எலும்பு, உட்காருங்க" என்பாள். இல்லாவிட்டால், "இது நேத்து மிச்சம், எந்திரிங்க" என்பாள். முடிந்தது கதை! "என் சொல்லு ஒரு தடவையாவது தப்பியிருக்கா?" என்று மார் தட்டுவாள். தப்பியதே இல்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

கீழத்தெருவில் ஒச்சாயி என்றொருத்தி ஒரே ஒரு பானை வைத்துக் கடை போட்டிருந்தாள். பக்கத்தில் ராக்கப்பனின் பெரிய கடை. ஒச்சாயியின் இடத்தையும் சேர்த்து வளைத்துப்போட அவனுக்கு ஆசை. ஊர்ப் பட்டக்காரரிடம் போய், "தெருவுக்கு ஒரு கடை போதுங்கய்யா" என்று ஓதினான்.

பட்டக்காரர் யோசித்தார். "எது நல்ல கடைன்னு கௌளி சொல்லட்டும். தோத்தவங்க சட்டியைத் தூக்கிட்டுப் போயிரணும்" என்றார்.

ஒச்சாயி தன் பானையைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பானையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

மறுநாள் உச்சி வேளை. தெருவே பந்தியில் உட்கார்ந்து, இரண்டு கடைச் சாப்பாட்டையும் ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தது. கௌளி சுவரில் ஒட்டிக்கொண்டு இரண்டு ஆவியையும் இழுத்தாள். ராக்கப்பன் பானையில் எலும்பு சும்மா தலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது, மற்றதெல்லாம் அரிசிமாவுக் கரைசல். அதைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள் ராக்கப்பன் குதித்தான்.

"வாயில வைக்காமலே தீர்ப்பா? மோந்து பார்த்தே பேர் வாங்கிட்டா மகராசி! ருசி தெரியாதுன்னா ஒத்துக்க!"

கௌளிக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை.

"எனக்கா ருசி தெரியாது? கொண்டாடா அந்தச் சட்டியை!"

நாக்கை நீட்டி ஒரு நக்கு நக்கினாள். அடக் கடவுளே! மாவு பசையாகி, நாக்கு மேலண்ணத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஒரு வார்த்தை வரவில்லை.

"பார்த்தீங்களா, என் பாயாவுல சொக்கிப்போயிட்டா!" என்று ராக்கப்பன் கூவினான். "குறைன்னு ஒரு வார்த்தை சொன்னாளா?"

பட்டக்காரர் பெருமூச்சு விட்டார். "ஒச்சாயி, சட்டியைத் தூக்கு ஆத்தா."

ஒச்சாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். கௌளிக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ஆயுசு முழுக்க உண்மை சொன்னவள், இன்று சும்மா இருந்தே ஒரு பொய்யைச் சொல்லிவிடுவதா? சுவரிலிருந்து இறங்கி, ஒச்சாயியின் பானையைப் பார்த்து ஓடினாள். ராக்கப்பன் பாய்ந்து வாலைப் பிடித்தான். வால்தானே, வைத்துக்கொள்! வெடுக்கென்று அறுத்துக்கொண்டு பானை விளிம்பில் ஏறினாள். ஒச்சாயியின் பாயாவை ஒரு நக்கு நக்கி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி நாக்கை அண்ணத்திலிருந்து பிய்த்தாள்.

"ச்சு! ச்சு! ச்சு!"

"சப்புக்கொட்டுறாடோய்!" என்று யாரோ கத்தினார்கள். "ஆமாம்" என்று சொல்ல மற்றவர்களுக்கு வாய் ஒழியவில்லை. வாய் நிறைய ஒச்சாயியின் இடியாப்பம், வலது கை முழுக்கப் பாயா. அதனால் பந்தி முழுவதும் இடது கை விரலால் தரையைத் தட்டியது. டொக், டொக், டொக்! பட்டக்காரரும் தட்டினார். துடிக்கிற வாலைக் கையில் வைத்துக்கொண்டு ராக்கப்பன் பேயறைந்தாற்போல் நின்றான். அன்றைக்கே அவன் கடை காலியானது.

கௌளிக்கு மறுபடி வால் முளைத்தது, பிய்த்த நாக்குக்கு மட்டும் அந்த 'ச்சு'வைத் தவிர வேறு பேச்சு திரும்பவில்லை. அவள் அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு விட்டத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்துதான், நாம் எதையாவது பேசும்போது சுவரில் பல்லி 'ச்சு ச்சு' என்றால், "பல்லியே சொல்லிருச்சு, அப்புறம் என்ன!" என்று தரையைத் தட்டி ஒத்துக்கொள்கிறோம்.