பத்திரமாக இருந்த கையுறைகள்

ஒரு காலத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் சாமான் அறையில், கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ஜோடி ரப்பர் கையுறைகள் குடியிருந்தன. முழங்கை வரை வரும், நல்ல கெட்டியான கையுறைகள். வார்டுக் குப்பை அள்ளும் பவுனம்மாவுக்கென்றே வாங்கியவை. ஆனால் அலமாரிக்கு ஒரு பித்தளைப் பூட்டு காவல் இருந்தது. அதற்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல.

வருஷத்துக்கு ஒரு தடவை மேலதிகாரி பார்வையிட வருவார். அன்று மட்டும் பூட்டு வாயைத் திறக்கும். பவுனம்மா கையுறை மாட்டிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பாள். அதிகாரியின் ஜீப் கேட்டைத் தாண்டியதும் கழற்றித் துடைத்து, பவுடர் போட்டு, மறுபடி உள்ளே வைத்துவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் ரத்தப் பஞ்சையும் சீழ்த் துணியையும் வெறுங்கையால்தான் அள்ளினாள்.

கையுறைகளுக்கு மனசு கேட்கவில்லை. எங்களை அவள் கைக்கு விடு என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தன. வெளியே போனால் அழுக்காவீர்கள், கிழிவீர்கள், அப்புறம் அதிகாரிக்கு எதைக் காட்டுவது என்று பூட்டு திருப்பிக் கேட்டது. கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

ஒரு நாள் யாரோ அவசரத்தில், போட்டு முடித்த ஊசியைக் குப்பைப் பையில் எறிந்துவிட்டார்கள். சாமான் அறை வாசலில் நின்று பவுனம்மா அந்தப் பையை அமுக்கிக் கட்டினாள். சுருக்கென்றது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அடுத்த பையைத் தூக்கப் போனாள்.

"பாவி, அவளைக் குத்திட்டியே" என்றது பூட்டு.

"குத்துறது என் குணம். அது தெரிஞ்சுதானே கையுறை வாங்கினாங்க? நடுவுல நீ எதுக்கு நின்னே?" என்றது ஊசி.

"நான் கையுறையைப் பாதுகாத்தேன்."

"சரி. கையை?"

பூட்டு தன் கொண்டியை இன்னும் இறுக்கிக்கொண்டது. அதற்குத்தான் அது பழக்கமாயிற்றே.

மூன்றாவது மாதம் பவுனம்மாவின் கண் மஞ்சளானது. ஈரலைத் தொற்று தின்றுவிட்டது என்றார்கள். அவள் பெருக்கித் துடைத்த அதே வார்டில் அவளுக்கே கட்டில் போட்டார்கள். பத்தாம் நாள் போய்ச் சேர்ந்தாள். அவள் வேலைக்கு இருசாயி என்று ஒருத்தி வந்தாள், அவளும் வெறுங்கையோடு.

அடுத்த பார்வை நாளில் இருசாயி கையுறைக்குள் விரலை நுழைத்தாள். அத்தனை வருஷம் அலமாரிப் புழுக்கத்தில் வெந்த ரப்பர் பிட்டுப் பிட்டாக உதிர்ந்தது.

"கிழியறதுன்னா பவுனம்மா கையிலேயே கிழிஞ்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தரையில் விழுந்தன கையுறைகள்.

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. பவுனம்மா எங்கே என்று அவர் கேட்கவில்லை. அரசாங்கப் பொருளை இப்படியா கெடுப்பது என்று சத்தம் போட்டு, புது ஜோடிக்கு உத்தரவு போட்டார்.

புது ஜோடி வந்தது. இருசாயி கையை நீட்டினாள். பழையதற்குப் பாதுகாப்பு போதவில்லை என்று சொல்லி, இந்தத் தடவை அலமாரிக்கு இரண்டு பூட்டாகப் போட்டார்கள்.